இருட்டில் வளரும் கீரை

காப்பித்தூள் பொட்டலங்கள் சிலவற்றில் 'சிக்கரி கலந்தது' என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். சிக்கரி, சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடி. அதன் வேரை வறுத்துப் பொடித்தால் காப்பியின் நிறமும் கசப்பும் கிடைக்கும். காஃபின் மட்டும் இராது. 1806ஆம் ஆண்டில் நெப்போலியன் பிரிட்டனுடனான வணிகத்தைத் தடைசெய்தபோது ஐரோப்பாவில் காப்பிக்கொட்டைக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அப்போது பலருக்குச் சிக்கரியே காப்பியாயிற்று.

பெல்ஜியம் நாட்டு வீட்டுத் தோட்டங்களில் இச்செடியின் ஒரு வகையை வேறொரு பயனுக்காக வளர்க்கிறார்கள். குளிர்காலத்தில் நிலம் உறைந்து கிடக்கும்போதும் அதன் வேர் புதுக் கீரையைத் தருகிறது.

விதைப்பதில் அவசரம் கூடாது. குளிர் நீங்குமுன் விதைத்தால் செடி அந்த ஆண்டே பூத்துவிடக்கூடும். நீலப் பூக்கள் கண்ணுக்கு அழகுதான். ஆனால், பூத்த செடியின் வேர் கீரைக்கு உதவாது. ஆகவே, மே மாதக் கடைசியிலோ ஜூன் மாதத்திலோ விதைப்பர். மண்ணை ஆழமாகக் கொத்தி, கற்களைப் பொறுக்கி, விதைகளை ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் தூவி மூடுவர். முளைத்தபின், செடிக்குச் செடி 15 முதல் 20 சென்டிமீட்டர் இடைவெளி இருக்குமாறு மிகுதியானவற்றைப் பிடுங்கிவிடுவர். நாற்றைப் பெயர்த்து நடுவதைத் தவிர்ப்பர். ஆணிவேரின் நுனி அறுந்தால் வேர் பல கிளைகளாகப் பிரிந்து மெலிந்துவிடும்.

இலையுதிர் காலத்தில் வேர்களைத் தோண்டி எடுப்பர். இலைகளை வெட்டும்போதுதான் கவனம் தேவை. வேரின் தலைப்பகுதியில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தண்டை விட்டுவைக்க வேண்டும். நடுக்குருத்தும் சேர்ந்து வெட்டுப்பட்டால் ஐந்து மாத உழைப்பு வீணாகிவிடும்.

பிறகு, வேர்களை ஈரமண் நிரப்பிய பெட்டியில் நெருக்கமாக நிறுத்தி நட்டு, வெளிச்சம் புகாத நிலவறையில் வைப்பர். கீரை வளர வெயில் வேண்டும் என்பது நாம் அறிந்ததே. இங்கோ கோடையில் இலைகள் தயாரித்த உணவு வேரில் சேமிக்கப்பட்டிருக்கிறது. அதைக் கொண்டே மூன்று நான்கு வாரங்களில் குருத்து எழும்புகிறது. ஒளி இல்லாததால் பச்சையம் உண்டாவதில்லை. இலைகள் வெளிர்நிறத்தில் ஒன்றையொன்று இறுகத் தழுவி, வாழைப்பூவின் சிறு வடிவம்போல் காணப்படும். கசப்பும் குறைந்திருக்கும்.

டச்சு மொழியில் இதன் பெயர் 'விட்லோஃப்'. 'வெள்ளை இலை' என்பது அதன் பொருள். முறித்து எடுத்த பிறகும் வெளிச்சம் பட்டால் நுனி பச்சையாகிக் கசப்பு ஏறத் தொடங்கும். ஆகவே, சமைக்கும் நாள்வரை அதைத் தாளில் சுற்றியே வைத்திருப்பர்.