சுகாதாரப் பதிவேட்டில் நாம் எங்கே?

கமநல சேவை நிலையத்தில் உர மானியம் வழங்கும் முறையை நாம் அறிவோம். பதிவேட்டில் ஒரு ஏக்கர் என்றிருந்தால் ஒரு ஏக்கருக்கே மானியம் கிடைக்கும். நாம் இரண்டு ஏக்கர் விதைத்திருந்தாலும் பதிவேடு சொல்வதே கணக்கு.

சுகாதார சேவையும் இவ்வாறே நடைபெறுகிறது. ஒரு பிரிவுக்கு எத்தனை தடுப்பூசி வேண்டும், எந்த ஊருக்கு நடமாடும் கிளினிக் போகவேண்டும் என்பவை கீழிருந்து மேலே செல்லும் எண்களைக் கொண்டே தீர்மானிக்கப்படுகின்றன. எண் பிழைத்தால் மருந்து தேவையான இடத்துக்கு வராது. இடம்பெயர்ந்த குடும்பங்கள் விடயத்தில் இப்பிழை இலகுவில் நேர்ந்துவிடுகிறது. அது எவ்வாறு நேர்கிறது, அதைத் திருத்துவதில் நமது பங்கு என்ன என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

எண்கள் பிறக்கும் இடம்

கொழும்பில் அச்சாகும் அறிக்கையின் ஒவ்வோர் எண்ணும் ஏதோவொரு ஊரில், ஒரு தாய் சொன்ன பதிலாகவே பிறக்கிறது. குடும்ப நல உத்தியோகத்தர் வீடுவீடாகச் சென்று கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் தம் பதிவேட்டில் எழுதுகிறார். அவற்றின் கூட்டுத்தொகை சுகாதார வைத்திய அதிகாரிக்குப் போய், அங்கிருந்து மாவட்டத்துக்கும் தலைநகருக்கும் போகிறது. இன்று பல நாடுகளில் இவ்வேலைக்குக் கணினி வந்துவிட்டது. ஆனால் கணினி கூட்டலை மட்டுமே சரியாகச் செய்யும். கீழே விடுபட்ட பிள்ளையை அது தானாகத் தேடிப் பிடிக்காது.

நூற்றுக்கு நூற்றுப்பத்து

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். மேலூர், கீழூர் என இரு ஊர்கள். ஒவ்வொன்றின் பதிவேட்டிலும் 100 குழந்தைகள். மேலூரில் இருந்து 40 குழந்தைகள் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து கீழூருக்கு வருகிறார்கள். இரு பதிவேடுகளும் திருத்தப்படவில்லை.

மேலூரில் எஞ்சிய 60 குழந்தைகளுக்கும் ஊசி போடப்படுகிறது. ஒருவரும் விடுபடவில்லை. ஆயினும் அறிக்கையில் ‘நூற்றுக்கு 60’ என்றே வரும். அங்கு வேலை செய்பவர் கண்டிக்கப்படலாம்.

கீழூரில் இப்போது 140 குழந்தைகள். அவர்களில் 110 பேருக்கு ஊசி போடப்படுகிறது. அறிக்கை ‘நூற்றுக்கு 110’ என்று சொல்லும். பார்ப்பவர் பாராட்டுவார். உண்மையிலோ 30 குழந்தைகள் ஊசியின்றி இருக்கிறார்கள். அறிக்கையில் அந்த 30 பேருக்கும் இடமே இல்லை. அடுத்த முறையும் கீழூருக்கு 100 குழந்தைகளுக்குரிய மருந்தே வரும்.

இதிலிருந்து நாம் கற்பது என்ன? ஊசி போட்டவர்களை எண்ணுவது பாதி வேலை. போடவேண்டியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுவது மற்றப் பாதி. வயலின் பரப்பை அறியாமல் விளைச்சல் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாதல்லவா? நூற்றுக்கு மேற்பட்ட எண்ணைக் கண்டால் மகிழ்வதற்கு முன் பதிவேட்டைச் சரிபார்க்க வேண்டும்.

எந்த விலாசத்தைச் சொல்வது?

டெங்கு, நெருப்புக்காய்ச்சல் போன்ற நோய்களை அறிவிக்க வேண்டுமென்பது இலங்கையில் 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த கடமை. சந்தேகம் ஏற்பட்டவுடனேயே, பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல், வைத்தியர் அறிவிக்க வேண்டும். நோயாளி வசிக்கும் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரிக்கே அவ்வறிவித்தல் போகிறது. பின்னர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அந்த வீட்டைத் தேடிச் சென்று, நுளம்பு பெருகும் இடம் உண்டா, கிணற்று நீர் எப்படி, வேறு யாருக்கும் காய்ச்சலா என்று பார்க்கிறார்.

வைத்தியசாலையில் விலாசம் கேட்கும்போது நம்மில் பலர் சொந்த ஊரின் பெயரைச் சொல்கிறோம். அதில் தவறான எண்ணம் எதுவும் இல்லை. விட்டுவந்த காணியையும் கிணற்றையும் மனம் விட்டுவிடுவதில்லை. ஆனால் பரிசோதகர் ஆளில்லாத அந்த ஊரைத் தேடிப் போக, நோய் நாம் இருக்கும் கொட்டில் வரிசையில் பரவிக்கொண்டிருக்கும். ஆகவே முதலில் இன்று படுத்துறங்கும் இடத்தைச் சொல்லுங்கள். சொந்த ஊரையும் அடுத்ததாகச் சேர்த்துச் சொல்லலாம். இப்போதைய விலாசத்தை வைத்தியசாலையில் சொல்வதால் காணியுரிமை போய்விடாது.

பூச்சியமும் வெற்றிடமும்

‘இக்கிழமை மலேரியா: 0’ என்று எழுதுவது ஒன்று. அக்கட்டத்தை வெறுமையாக விடுவது வேறொன்று. தேடிப் பார்த்தோம், நோயாளர் இல்லை என்று பூச்சியம் சொல்கிறது. யாராவது தேடினார்களா என்பதே தெரியாது என்று வெற்றிடம் சொல்கிறது. இரண்டையும் ஒன்றாகக் கூட்டினால் கிளினிக் நடைபெறாத ஊர் நோயற்ற ஊராகத் தோன்றும்.

1963இல் இலங்கை முழுவதிலும் 17 மலேரியா நோயாளரே பதிவாயினர். அதன்பின் மருந்து தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. காய்ச்சல்காரரின் இரத்தத்தைச் சோதித்து, நோயாளர் ஒவ்வொருவரையும் தேடிப் பதிந்த வேலைக்கு அதில் பெரும் பங்குண்டு.

எண் கூடினால் பணம்

2000ஆம் ஆண்டில் தொடங்கிய ‘கவி’ என்னும் உலகத் தடுப்பூசிக் கூட்டமைப்பு, கூடுதலாக ஊசி பெறும் ஒவ்வொரு குழந்தைக்கும் 20 டொலர் வீதம் வறிய நாடுகளுக்கு வழங்கியது. நோக்கம் நல்லதே. ஆனால் 2008இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான ஆய்வு ஒன்று, உதவி பெற்ற 51 நாடுகளின் அறிக்கைகளை வீடுவீடாக எடுத்த கணக்கெடுப்புகளோடு ஒப்பிட்டது. கூடுதலாக ஊசி பெற்றோர் 1 கோடியே 39 இலட்சம் என்றன அறிக்கைகள். கணக்கெடுப்பின்படி 74 இலட்சமே. எண்ணுக்கு வெகுமதி கிடைக்கும்போது எண் வளர்கிறது, பிள்ளைகளின் பாதுகாப்பு அதே அளவில் வளர்வதில்லை.

எதிர்ப்பக்கமான பிழையும் உண்டு. பல நாடுகளின் அகதி முகாம்களில், பங்குணவு குறைந்துவிடும் என்ற பயத்தால் குடும்பங்கள் மரணத்தை மறைத்திருக்கின்றன. பசித்தவரைக் குறை கூறிப் பயனில்லை. ஆனால் குழந்தை மரணங்கள் மறைந்தால் அவற்றுக்குக் காரணமான அழுக்கு நீரும் மறைந்துவிடும். எனவே நிவாரணப் பட்டியலும் சுகாதாரப் பதிவேடும் வேறு வேறாக இருக்க வேண்டுமென்று பொறுப்பானவர்களிடம் கேட்பது நமது உரிமை.

நாம் செய்யக்கூடியவை

1. புதிய இடத்துக்கு வந்த அதே கிழமையில் குடும்ப நல உத்தியோகத்தரிடம் பெயர்களைப் பதியுங்கள். விட்டுவந்த பிரிவின் பெயரையும் சொல்லுங்கள். இரு இடங்களில் பெயர் இருந்தால் ஒன்று நீக்கப்பட வேண்டும்.

2. பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டை அடையாள அட்டையோடு ஒரே பொலித்தீன் பையில் வையுங்கள். அது தொலைந்திருந்தால், ‘எல்லா ஊசியும் போட்டாயிற்று’ என்று ஊகித்துச் சொல்லவேண்டாம். பழைய பிரிவின் பதிவேட்டில் தேடலாம். அங்கும் இல்லையேல் எதைத் திரும்பப் போடுவது என்பதை வைத்திய அதிகாரி தீர்மானிப்பார்.

3. பிறந்த திகதியையும் பெயரையும் எங்கும் ஒரே விதமாகச் சொல்லுங்கள். வீட்டுப்பெயரை ஓரிடத்திலும் பதிவுப்பெயரை வேறிடத்திலும் கொடுத்தால் ஒரு பிள்ளை இரு பிள்ளைகளாகிவிடும்.

4. மாதர் சங்கமோ கமக்காரர் அமைப்போ மாதமொருமுறை ஒரு கொப்பியில் நான்கு எண்களை எழுதட்டும்: வந்தவர், போனவர், பிறந்தவர், இறந்தவர். உத்தியோகத்தர் வரும்போது அவருடைய பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். அவரைக் குற்றங்காண்பதற்கல்ல, அவருக்குத் துணையாக.

குழுவாகச் சிந்திக்க

1. நமது வரிசையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? பதிவேட்டில் எத்தனை பேர்?

2. கடந்த மூன்று மாதங்களில் வந்த குடும்பங்களில் இன்னும் பதியாதவர் யார்? அவர்களிடம் நம்மில் யார் போவது, எப்போது?