அந்தரத்தில் நிற்கும் தார்

‘மழை விட்டாச்சு, இனி மலையேறலாம்.’ மேட்டுப்பாளையத்தில் டீ குடித்தபடி பலரும் எடுக்கும் முடிவு இது. மழை விட்டது வானத்தில்தான். மண்ணுக்குள் இறங்கிய தண்ணீர் மெல்லத்தான் கீழே போகும். அது துகள்களின் இடுக்கில் நிறைந்து, ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடியைத் தளர்த்தும். மண்ணின் எடையையும் கூட்டும். வெயில் அடித்த பிறகும் சரிவு விழுவது இதனால்தான்.

‘பாறை கெட்டியானது’ என்பது பாதி உண்மை. குன்னூர் மலைப்பாதையில் உருளும் பாறைகளில் பல, சிதைந்த மண்ணுக்குள் புதைந்து நின்றவை. மண் கரைந்தால் பாறைக்குப் பிடிமானம் இல்லை. சாலையை அகலப்படுத்த சரிவின் அடியையே வெட்டிய இடங்களில் கேட்கவே வேண்டாம். 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பேய்மழையின் மண்சரிவுகள் 40 பேருக்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டன. மரம் நட்டால் சரியாகிவிடும் என்பார்கள். மேல்மண்ணை வேர் பிடிக்கும். வேருக்குக் கீழே நழுவும் மண்ணை எது பிடிக்கும்?

‘அதான் தடுப்புச் சுவர் கட்டியிருக்கே!’ சுவரில் தண்ணீர் வடியத் துளைகள் விட்டிருப்பார்கள். அவை அடைத்துக்கொண்டால், பின்னால் தேங்கும் தண்ணீரே சுவரைத் தள்ளிவிடும். புதுச் சுவருக்குத் திறப்பு விழா உண்டு. துளையில் குச்சி விட்டுக் குத்துகிறவருக்கு யார் மாலை போடுகிறார்கள்?

சமவெளிக்காரர்களின் நம்பிக்கை வேறு: ‘தார் நன்றாக இருக்கிறது, ரோடும் நன்றாகத்தான் இருக்கும்.’ 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட வெள்ளத்துக்கு மேடான சாலை ஓர் அணைக்கட்டு. சிறுபாலத்தின் கண்கள் போதாமல் தண்ணீர் ஒரு பக்கம் ஏறும், சாலையைத் தாண்டி மறுபக்கம் விழும், விழுந்த இடத்தில் மண்ணைத் தோண்டும். தோண்டல் அடியிலிருந்து உள்நோக்கி வரும். மேலே தார் மட்டும் அப்படியே நிற்கும். அந்த டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் அருகே சரளையும் மண்ணும் அடித்துப் போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் நூற்றுக்கணக்கானோர் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கித் தவித்தார்கள். தண்டவாளத்தில் அடி வெறுமையானது கண்ணுக்குத் தெரிந்தது. தார்ச்சாலையில் வண்டி ஏறிய பிறகுதான் தெரியும்.

தரைப்பாலத்தில் நிலைமை இன்னும் மோசம். ‘பஸ்ஸே போகுது, நம்ம காருக்கு என்ன?’ கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிறிய காரின் எடை சுமார் 900 கிலோ. அடிப்பகுதியின் பரப்பு ஏறக்குறைய 6 சதுர மீட்டர். தண்ணீர் அடித்தகட்டைத் தொட்டு அதற்கு மேல் 15 செ.மீ. ஏறினால், வெளியே தள்ளப்படும் தண்ணீரின் எடையும் 900 கிலோதான். அதாவது தரையிலிருந்து ஓரடி கடந்ததுமே டயரின் பிடி ஏறக்குறைய போய்விடும். பிறகு வண்டி போகும் திசையை முடிவு செய்வது ஆறுதான். வெள்ளத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். பஸ் கனமானது, தரையிலிருந்து உயரமானது. அது கடந்தது காருக்குச் சான்றாகாது. மேலும், பஸ் போன பிறகு அந்தப் பாலத்தின் கீழ் மண் எவ்வளவு மிச்சம் என்று கலங்கல் தண்ணீரில் யாருக்குத் தெரியும்?

மீண்டும் மலைக்கு வருவோம். ‘குன்னூர் பாதை அடைத்தால் கோத்தகிரி பாதை இருக்கே’ என்கிறவர்களும் உண்டு. இரண்டும் ஏறுவது ஒரே மலையில். வானமும் பெரும்பாலும் ஒன்றுதான்.