தாய்ப்பால் காலமும் கொழுப்புக் கரைப்புச் சிகிச்சையும்

பத்தாம் வகுப்பு மாணவி

பிள்ளை பெற்ற வீட்டில் நம் பாட்டிமார் பழைய பருத்திச் சேலையை மடித்துத் தாயின் வயிற்றில் கட்டுவார்கள். பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும் கொடுப்பார்கள். வயிறு வாட நாற்பது நாளாவது ஆகும் என்பது அவர்கள் கணக்கு. இன்றோ கைப்பேசியைத் திறந்தால், ஒரு மணி நேரம் படுத்திருந்தால் போதும், தொப்பை போய்விடும் என்று விளம்பரம் வருகிறது. கர்ப்பிணியும் பாலூட்டும் தாயும் அந்தச் சிகிச்சைக்குப் போகலாமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

தோழியரே, முதலில் சிகிச்சை எத்தகையது என்று பார்ப்போம். அமெரிக்காவில் குச்சி ஐஸ் சப்பிய ஒரு குழந்தையின் கன்னத்தில் கொழுப்பு கெட்டிப்பட்டிருந்ததை 1970ஆம் ஆண்டிலேயே மருத்துவர்கள் எழுதி வைத்தனர். தோல் கெடாமல் அடியிலுள்ள கொழுப்பு மட்டும் குளிருக்கு இரையாகிறது என்ற இந்தச் செய்தியைப் பற்றிக்கொண்டு, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மான்ஸ்டீன், ஆண்டர்சன் என்ற இரு மருத்துவர்கள் ஒரு முறையைக் கண்டு 2008இல் வெளியிட்டனர். அதுவே கிரையோலிபோலிசிஸ். 2010இல் அமெரிக்க அரசு இதற்கு அனுமதி தந்தது. குளிரால் மடிந்த கொழுப்பு அணுக்களை உடலே இரண்டு மூன்று மாதங்களில் சிறிது சிறிதாக அப்புறப்படுத்துகிறது. இதைத் தவிர அல்ட்ராசவுண்ட், லேசர் ஆகியவற்றின் சூட்டால் கரைப்பதும், ஊசி மருந்தால் கரைப்பதும், மயக்க மருந்து கொடுத்துக் குழாயால் உறிஞ்சும் லைப்போசக்ஷனும் உண்டு. ஒரு குச்சி ஐஸில் இவ்வளவு வியாபாரம் ஒளிந்திருந்தது எனக்கு வியப்பாகவே இருந்தது!

கர்ப்பிணிக்கு இவற்றுள் எதுவும் ஆகாது. காரணம் எளிது. கர்ப்பிணிகளிடம் இவற்றைச் சோதித்துப் பார்க்கவே இல்லை; அழகுக்காக ஒரு சிசுவைச் சோதனைக்கு உட்படுத்துவது முறையும் அன்று. சோதிக்காத பொருளைக் கருவுற்ற தாய்க்குக் கொடுத்தால் என்ன நேரும் என்பதை உலகம் தாலிடோமைடு மாத்திரையில் கண்டது. மசக்கை வாந்திக்கென்று கொடுக்கப்பட்ட அந்த மாத்திரை 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து, 1961இல் திரும்பப் பெறப்படுவதற்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறைபாட்டோடு பிறந்தன. மேலும், கர்ப்பத்தின் தொடக்க வாரங்களில் தாயின் உடல்சூடு மிகுந்தால் சிசுவின் முதுகுத்தண்டும் மூளையும் சரியாக உருவாகாமற்போகக்கூடும். கர்ப்ப காலத்திலும் பேறுகாலத்துக்குப் பின் ஆறு வாரம் வரையிலும் இரத்தம் உறைந்து கட்டியாகும் அபாயம் அதிகம் என்பதால் அறுவைச் சிகிச்சை இரட்டை ஆபத்து. கர்ப்பமே இல்லாத இளம்பெண்ணுக்கும் இது விளையாட்டல்ல. 2022 மே மாதம் பெங்களூரில் 21 வயதுக் கன்னடச் சின்னத்திரை நடிகை ஒருவர் கொழுப்பு அகற்றும் அறுவைச் சிகிச்சைக்குப் பின் உயிரிழந்ததைச் செய்தித்தாள்களில் பலரும் படித்திருப்பீர்கள்.

பாலூட்டும் காலத்தைப் பற்றித்தான் வீடுகளில் வாக்குவாதம் எழுகிறது. எங்கள் வீட்டிலும் எழுந்தது. சித்திக்குக் குழந்தை பிறந்து நான்கு மாதம். "வயிற்றில் இருப்பதைத்தானே எடுக்கிறார்கள், பாலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டாள். அம்மாவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நானும் உயிரியல் ஆசிரியையிடம் கேட்ட பிறகே இதைப் புரிந்துகொண்டேன்.

சம்பந்தம் உண்டு. கர்ப்ப காலத்தில் தாயின் உடலில் மூன்று நான்கு கிலோ கொழுப்பு சேர்வது குற்றமல்ல. பால் சுரப்பதற்காக உடல் சேர்த்து வைக்கும் சேமிப்பு அது. முதல் ஆறு மாதம் பாலூட்டும் தாய்க்கு நாள்தோறும் 600 கிலோகலோரி கூடுதலாக வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கூறுகிறது. ஏறத்தாழப் பத்து இட்லி தரும் ஆற்றல்! அதில் ஒரு பகுதியை இந்தச் சேமிப்பு கொடுக்கிறது. குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய சில கொழுப்புச் சத்துகளும் தாயின் உடலிலிருந்தே பாலுக்குப் போகின்றன. இன்னொன்றும் உண்டு. டி.டி.டி. போன்ற பழைய பூச்சிக்கொல்லிகள் உடலில் கொழுப்பிலேயே தங்குபவை. கொழுப்பு திடீரெனக் கரைந்தால் அவை பாலில் கூடுதலாகக் கலக்குமோ என்பது மருத்துவர்களின் கவலை. குளிர்ச் சிகிச்சையால் பால் கெட்டுவிட்டது என்று எவரும் நிரூபிக்கவில்லை. கெடாது என்றும் நிரூபிக்கவில்லை. நான்கு மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு அதைச் சோதிப்பானேன்?

எடைக் குறைப்பு ஊசிகள் 2025இல் நம் நாட்டிலும் பரவலாகப் பேசப்பட்டன. அவற்றுள் செமக்ளூட்டைடு என்னும் மருந்தைக் கருத்தரிக்க எண்ணுவதற்கு இரண்டு மாதம் முன்பே நிறுத்திவிட வேண்டும் என்பது விதி. ஆகையால் கர்ப்பத்தில் அதற்கு இடமே இல்லை.

பேறுகாலத்துக்குப் பின் பெருத்துத் தெரியும் வயிறு முழுவதும் கொழுப்புமல்ல. பிரசவத்தின்போது ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ள கருப்பை, பழைய சிறிய அளவுக்குச் சுருங்க ஆறு வாரமாகிறது. வயிற்றின் நடுவே இருபுறத் தசைகளும் விலகி நிற்பதும் உண்டு. அந்த விலகலை எந்தக் குளிர் இயந்திரமும் மூடாது, பயிற்சிதான் மூடும். சித்தியை அம்மா அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது, டாக்டரம்மா அவளைப் படுக்கவைத்துத் தலையை மட்டும் தூக்கச் சொல்லி, வயிற்றில் விரல் வைத்து இடைவெளி பார்த்தாராம். இரண்டு விரல் இடைவெளி. மூச்சுப் பயிற்சியும் நடையும் சொல்லி, சேலைக் கட்டை இறுக்கமாகக் கட்டவேண்டாம், அழுத்தம் கீழே இறங்கும் என்றும் எச்சரித்தார். வாரம் அரைக் கிலோ வரை மெதுவாக எடை குறைந்தால் பாலுக்குக் கேடில்லை என்றார். சித்திக்கு அன்று முகம் வாடித்தான் போயிற்று. ஆனால் முன்பணம் கட்டவில்லை.

இதே மாவட்டத்தில் கல்வராயன் மலைமேல் நிலைமை வேறு. வெள்ளிமலைப் பக்கம் விறகுக்கட்டைச் சுமந்து மேடேறும் கர்ப்பிணிக்குக் கொழுப்பு சேர்வதுதான் கடினம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் அரசு நடத்தும் மகப்பேறு உதவித் திட்டத்தில் பணத்தோடு இரும்புச்சத்து டானிக்கும் பேரீச்சம்பழமும் நெய்யும் அடங்கிய பெட்டகம் தருகிறார்கள். கர்ப்பிணிக்கு அரசாங்கமே நெய் கொடுக்க, விளம்பரக்காரர் கொழுப்பைக் கரைக்கச் சொல்வது வேடிக்கைதான். உடற்பருமனைத் தீர்ப்பதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டு மருந்து, மாய நிவாரண விளம்பரச் சட்டமே தடுக்கிறது என்பதும் பலருக்குத் தெரியாது.

பால் மறந்து, எடை சில மாதம் ஒரே நிலையில் நின்றபின் ஒருத்தி விரும்பினால், அது அவள் விருப்பம். அப்போதும், சிகிச்சை செய்பவர் பதிவு பெற்ற மருத்துவரா, அவருடைய பதிவு எண் என்ன, கேடு நேர்ந்தால் எந்த மருத்துவமனைக்கு அனுப்புவார்கள் என்று கேட்டு, எழுதியும் வாங்கிக்கொண்ட பிறகே பணம் கட்ட வேண்டும்.