"டிக்" ஓசையும் ஓம் விதியும்



ஓம் விதியைத் தேர்வுக்காகப் படிக்கிறோம். தேர்வு முடிந்ததும் நோட்டுப் புத்தகத்தோடு சேர்த்து அதையும் மூடி வைத்து விடுகிறோம். ஆனால் அவசரமாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நேரத்தில், காரின் சாவியைத் திருப்பினால் "டிக்" என்ற ஓசை மட்டும் கேட்டு வண்டி கிளம்பாமல் நின்றால், முதலில் கை கொடுப்பது அந்த விதிதான். "பாட்டரி போய்விட்டது, புதிது வாங்குங்கள்" என்பார் ஒருவர். "தள்ளிப் பாருங்கள்" என்பார் மற்றொருவர். பல ஆயிரம் ரூபாயைச் செலவிடும் முன்பு, அந்த ஓசை என்ன சொல்கிறது என்று கேட்டறிவது நல்லது.

எஞ்சினை எழுப்புவது எப்படி?

கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள், நம் ஊர் மாட வீதிகளில் பெரிய தேர் ஓடுவதைக் கண்டிருப்பீர்கள். நிலையிலிருந்து தேரை அசைப்பதற்குத்தான் பெரும்பலம் தேவை. அசைந்து விட்டால் பிறகு வடம் பிடிப்பவர்களுக்குப் பாரம் குறைகிறது. கார் எஞ்சினும் அப்படியே. நின்றிருக்கும் எஞ்சினைச் சுழற்றி எழுப்ப, சில விநாடிகளுக்கு மட்டும் பெரும் விசை வேண்டும்.

முற்காலத்தில் காரின் முன்புறம் இரும்புக் கைப்பிடியைச் செருகி, கையால் சுற்றித்தான் எஞ்சினைக் கிளப்பினார்கள். அது திடீரென்று எதிர்த்திசையில் உதைத்தால் மணிக்கட்டு முறிந்து விடும். அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் இதற்கு மாற்று கண்டார். அவர் அதற்கு முன் கடைகளின் பணப் பெட்டி இயந்திரத்தை மின்சாரத்தால் இயக்கியவர். சிறிய மோட்டாரும் ஒரு கணம் மட்டும் பெரும் விசை தர முடியும் என்பதை அங்கே கண்டிருந்தார். அவருடைய மின் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டு மாடல் காடிலாக் கார்களில் பொருத்தப்பட்டது. கைவலிமையை நம்பாமல், பெண்களும் பிறர் துணையின்றிக் கார் ஓட்ட அது வழி திறந்தது. சென்னை பாடியிலுள்ள லூகாஸ் டி.வி.எஸ். தொழிற்சாலை 1960களிலிருந்து இத்தகைய மின் சாதனங்களைச் செய்து வருகிறது.

ஓசை எங்கிருந்து வருகிறது?

சாவியைத் திருப்பியதும் ஒரு சிறிய மின்னோட்டம் சொலினாய்டு என்னும் மின்காந்தத்தை அடைகிறது. அது உள்ளிருக்கும் இரும்புத் தண்டை இழுத்து, பாட்டரிக்கும் ஸ்டார்ட்டருக்கும் இடையிலுள்ள கனமான தொடுமுனைகளைச் சேர்க்கிறது. "டிக்" என்பது அந்த இழுப்பின் ஓசை. ஆகவே காவலாளி கதவைத் திறந்து விட்டார். ஆனால் உள்ளே நுழைய வேண்டிய பெருங்கூட்டம் வரவில்லை. சிறிய மின்னோட்டம் வந்தது, பெரிய மின்னோட்டம் வரவில்லை என்பதே அதன் பொருள்.

"முன்விளக்கு எரிகிறதே, பாட்டரியில் என்ன குறை?" என்று கேட்கலாம். இங்கேதான் ஓம் விதி வருகிறது. 55 வாட் விளக்குகள் இரண்டும் சேர்ந்து 12 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியரே எடுக்கும். ஸ்டார்ட்டருக்கோ 100 ஆம்பியருக்கு மேலும் தேவைப்படும். பாட்டரி முனையில் படிந்த அழுக்கின் மின்தடை 0.05 ஓம் என்று கொள்வோம். விளக்குகளின் மின்னோட்டத்தில் அங்கே வீணாவது 9 × 0.05 = 0.45 வோல்ட், கண்ணுக்கே தெரியாது. 100 ஆம்பியர் பாய்ந்தால் வீணாவது 5 வோல்ட்! மீதி 7 வோல்ட்டில் ஸ்டார்ட்டர் எஞ்சினைச் சுழற்றாது. ஒரு சிட்டிகை அழுக்குக்காக நல்ல பாட்டரியைத் தூக்கி எறிவது எவ்வளவு பேதைமை!

சோதிக்கும் முறை

கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை இழுத்து, முன்விளக்கைப் போட்டபின் சாவியைத் திருப்புங்கள்.

1. "டிக் டிக் டிக்" என்று விரைவாகக் கேட்டு, விளக்கு மங்கினால்: பாட்டரி வலுவிழந்திருக்கிறது அல்லது இணைப்பு கெட்டிருக்கிறது. ஸ்டார்ட்டர் இழுத்தவுடன் வோல்ட் சரிந்து சொலினாய்டு விடுகிறது. விட்டதும் வோல்ட் ஏறி மீண்டும் பிடிக்கிறது.

2. ஒரே ஒரு "டிக்" கேட்டு, விளக்கு மங்காமல் இருந்தால்: சொலினாய்டின் தொடுமுனைகளையோ ஸ்டார்ட்டரையோ மெக்கானிக் பார்க்க வேண்டும்.

3. ஓசையே இல்லாவிட்டால்: பாட்டரி முற்றிலும் இறங்கியிருக்கலாம், சாவி சுவிட்சிலும் குறை இருக்கலாம்.

வோல்ட் மீட்டர் இருந்தால், ஓய்விலுள்ள நல்ல பாட்டரி சுமார் 12.6 காட்டும். அதன் ஆறு செல்களும் தலா 2.1 வோல்ட் தருவதே காரணம். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். இல்லையேல் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை. புதிய பாட்டரி போட்டாலும் அதுவும் விரைவில் இறங்கிப் போகும்.

கவனத்திற்கு

பாட்டரி முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், எஞ்சினை நிறுத்தி, முதலில் எதிர்முனையையும் பின் நேர்முனையையும் கழற்ற வேண்டும். சமையல் சோடாக் கரைசலால் துடைத்து உலர்த்தி, நேர்முனையை முதலில் இறுக்கி, எதிர்முனையைக் கடைசியில் மாட்ட வேண்டும். வளையல், மோதிரம் அணிந்த கையோடு பாட்டரியைத் தொடாதீர்கள். அதிலுள்ள கந்தக அமிலம் பட்டால் உடனே நிறைய நீர் விட்டுக் கழுவுங்கள். அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரக்கூடும். இருட்டில் பார்க்கத் தீக்குச்சி கொளுத்துவது பேராபத்து.

வேறொரு காரின் பாட்டரியிலிருந்து கம்பி கொடுக்கும்போது, நேர்முனைகளைச் சிவப்புக் கம்பியால் இணையுங்கள். கறுப்புக் கம்பியின் ஒரு நுனியை நல்ல பாட்டரியின் எதிர்முனையிலும், மறு நுனியைக் கிளம்பாத காரின் எஞ்சினில், பாட்டரிக்குத் தள்ளியுள்ள வெற்று இரும்பிலும் மாட்டுங்கள். பொறி பறந்தாலும் வாயுவுக்கு அருகில் பறக்காது. இதைப் பெரியோர் துணையோடு மட்டுமே செய்ய வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர் காரைத் தள்ளிக் கிளப்ப முயல வேண்டாம்.

பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்து விடியற்காலையில் திரும்புவோர் பலர், விளக்கை அணைக்க மறந்த காரிடம்தான் வந்து நிற்கிறார்கள். இறங்கும்போது ஒரு முறை திரும்பிப் பார்த்தால் அந்தத் தொல்லை இல்லை.

மாணவியரே, வரும் விடுமுறையில் உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ கார் இருந்தால், பானட்டைத் திறந்து பாட்டரியின் இரு முனைகளையும் காட்டச் சொல்லுங்கள். அவை தூய்மையாக இருக்கின்றனவா, இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். காரணத்தைக் கண்டறிந்தபின் செலவு செய்பவரே சிக்கனக்காரர். வகுப்பில் கற்ற ஒரு சூத்திரம், வேண்டிய நேரத்தில் ஒரு குடும்பத்தை வழியில் நிற்காமல் காக்குமானால், அதைவிடச் சிறந்த மதிப்பெண் வேறு ஏது?