மூன்று தலைமுறை, ஒரே ஆற்றங்கரை

கேள்வி: நாங்கள் மியூனிக்கில் வசிக்கிறோம். பத்து வயது மகளுக்குச் சைக்கிள் என்றால் உயிர். மகனுக்கு ஐந்து வயது. கோடை விடுமுறையில் பஸ்ஸாவிலிருந்து வியன்னாவரை டான்யூப் கரையோரமாக, கூடாரம் போட்டுத் தங்கியபடி சைக்கிளில் போக ஆசை. ஒரு வாரம் போதும் என்கிறார் கணவர். ஆகஸ்டில் புதுக்கோட்டையிலிருந்து மாமியார் வருகிறார். அறுபது வயது. அறிவொளி இயக்கக் காலத்தில் சைக்கிள் கற்றவர். "நானும் வருவேன்" என்று பிடிவாதமாக இருக்கிறார். இது நடக்கிற காரியமா?
– வாசகி, மியூனிக்

பதில்: நடக்கும். ஆனால் ஒரு வாரத்தில் வேண்டாம். பஸ்ஸாவிலிருந்து வியன்னாவுக்குச் சுமார் 320 கிலோமீட்டர். பெரியவர்கள் மட்டும் போனால் தினம் 45, 50 என்று ஏழு நாளில் முடித்துவிடலாம். உங்கள் வீட்டில் வேகத்தைத் தீர்மானிக்க வேண்டியவன் ஐந்து வயதுப் பையன். அவனை வைத்துக் கணக்குப் போட்டால் நாளுக்கு 30, மிஞ்சினால் 35. நடுவில் இரண்டு நாள் சைக்கிளைத் தொடாமல் இருக்க வேண்டும். ஆக, பன்னிரண்டு நாளாவது ஆகும். அவ்வளவு விடுப்பு கிடைக்காவிட்டால் வேகத்தைக் கூட்டாதீர்கள். லின்ஸ் நகரில் தொடங்கி மூன்றில் ஒரு பங்குத் தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

குடும்பத்தோடு போக இதைவிட நல்ல பாதையை நான் சொல்ல மாட்டேன். ஆற்றின் போக்கிலேயே போவதால் ஏற்றம் மிகக் குறைவு. பெரும்பாலும் மேற்குக் காற்று முதுகைத் தள்ளும். கரையில் நிற்கும் கிலோமீட்டர் பலகைகள் கருங்கடல் முகத்துவாரத்திலிருந்து எண்ணி வைக்கப்பட்டவை. பஸ்ஸாவில் 2226, வியன்னாவில் 1929. எண் குறைந்துகொண்டே வருவதைக் கவனிக்கும் வேலையை மகளிடம் கொடுங்கள். "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று அவள் உங்களைக் கேட்க மாட்டாள். அவள் சைக்கிளில் தண்ணீர்ப் புட்டியும் மழைக்கோட்டும் போதும், வேறு சுமை வேண்டாம்.

மகனுக்கு ட்ரெய்லரையே சிபாரிசு செய்வேன். அவன் சைக்கிளை உங்கள் சைக்கிளோடு கோத்து இழுக்கும் இணைப்புகளும் கடையில் உண்டு. ஆனால் மதியத்துக்கு மேல் குழந்தை தூங்கி விழும், மழையும் பெய்யும். ட்ரெய்லரில் இருந்தாலும் ஹெல்மெட் கட்டாயம். ஆஸ்திரியாவில் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் அதுதான் சட்டம்.

உங்கள் மாமியாரைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன். 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தறிவோடு சேர்த்துச் சைக்கிளும் கற்ற ஆயிரக்கணக்கான பெண்களில் அவர் ஒருவர். ஊரார் கேலி பேசியபோதும் ஓட்டியவர்கள் அவர்கள். அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போவது நியாயமே இல்லை. பேட்டரி உதவியுள்ள, குறுக்குத்தண்டு இல்லாத சைக்கிளை வாடகைக்கு எடுங்கள். அவர் வந்ததும் ஒரு வாரமாவது இசார் ஆற்றங்கரையில் பழக வேண்டும். ஓட்டுவது மறந்திருக்காது. ஆனால் நம் ஊர்ச் சாலையில் இடப்பக்கம் போய்ப் பழகியவர், அங்கே வலப்பக்கம். திடீரென்று எதிரே வண்டி வந்தால் கை பழைய பக்கமே திரும்பும். அந்தப் பழக்கத்தை மாற்றாமல் கிளம்பாதீர்கள்.

தரையில் படுப்பதைவிட, காலையில் தரையிலிருந்து எழுவதுதான் முழங்காலுக்குச் சோதனை. கேம்பிங் திடலுக்குப் பக்கத்து ஊரில் ஒன்றுவிட்டு ஒரு நாள் அவருக்கு அறை போடுங்கள், பேத்தி துணைக்குப் போகட்டும். மெல்க்கிலிருந்து கிரெம்ஸ்வரை கப்பலும் ஓடுகிறது. களைத்திருந்தால் அதில் வரலாம்.

சமையலையும் அவர் கையில் எடுத்துக்கொள்வார் என்றே நினைக்கிறேன். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் கொண்டுவரச் சொல்லுங்கள். நெய்யும் பால் இனிப்புகளும் ஐரோப்பிய எல்லைக்குள் அனுமதி இல்லை. சான்றிதழ் இல்லாமல் பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. அரிசி அங்கேயே கிடைக்கும். ஆஸ்திரியாவில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடிக்கிடக்கும்; சனிக்கிழமை மாலை ஆறுக்குள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் முதல் வாரத்தை ஒட்டிக் கிளம்புவது நல்லது. பவேரியப் பள்ளிகளுக்கு அப்போதும் விடுமுறை. வியன்னாப் பக்கத்துப் பள்ளிகள் திறந்துவிடும். கேம்பிங் திடல்களில் நெரிசல் குறையும், வெயிலும் தணியும். இரவு குளிரும், நல்ல ஸ்லீப்பிங் பேக் வேண்டும். கண்ட இடத்தில் கூடாரம் அடிக்காதீர்கள். பொதுவாக அனுமதி இல்லை. ஷ்லோகன், கிரைன், மெல்க், கிரெம்ஸ், டுல்ன் என்று வழியெங்கும் திடல்கள் இருக்கின்றன. கரையிலேயே தங்கினாலும் பிள்ளைகளைப் பெரிய ஆற்றில் நீந்த விடாதீர்கள். சரக்குக் கப்பல்கள் போகும் ஆறு அது, இழுப்பும் அதிகம்.

ஓய்வு நாள் இரண்டையும் மெல்க்குக்கும் கிரெம்ஸுக்கும் இடையே, வாஹாவ் பள்ளத்தாக்கில் வையுங்கள். தென்கரையில் போனால் போக்குவரத்து குறைவு. ஸ்பிட்ஸ் ஊரில் எஞ்சின் இல்லாமல், கம்பியைப் பிடித்தபடி ஆற்றின் வேகத்திலேயே அக்கரை போகும் படகு உண்டு. பிள்ளைகள் இரண்டு தடவை ஏறுவார்கள். ஸ்பிட்ஸ் இருக்கும் வடகரையிலேயே சில கிலோமீட்டர் பின்னால் வில்லண்டார்ஃப். சுமார் 30,000 ஆண்டுப் பழமையான, கைக்குள் அடங்கும் பெண் சிலை 1908-ல் அகப்பட்ட ஊர். அந்த மண்ணைப் பார்த்துவிட்டு, வியன்னா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அசல் சிலையைப் பார்க்கட்டும்.

முழுப் பயணத்துக்கு முன் ஒரு சனி, ஞாயிறில் வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் இரவு கூடாரத்தில் தங்கிப் பாருங்கள். வியன்னாவிலிருந்து மியூனிக் திரும்பும் விரைவு ரயிலில் சைக்கிளுக்குத் தனி முன்பதிவு வேண்டும், இடங்கள் சொற்பம். ட்ரெய்லரை மடித்துத்தான் ஏற்ற முடியும். கூடாரம் வாங்குவதற்கு முன்பே அந்தச் சீட்டை எடுத்துவிடுங்கள்.