தவறான நினைவக வரைபடமும் கெர்னலும்: சரிசெய்யும் முறை

எந்த முகவரியில் பயன்படுத்தத்தக்க ரேம் இருக்கிறது, எந்தப் பகுதி வன்பொருளுக்கு ஒதுக்கப்பட்டது என்பதை இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கெர்னல் தானாக அறியாது. பயோஸ் இ820 அழைப்பின் வழியாகவோ, யூஇஎஃப்ஐ வழியாகவோ கிடைக்கும் வரைபடத்தையே நம்பித் தொடங்குகிறது. வரைபடம் பிழையானால் ரேம் குறைவாகத் தெரியலாம். அல்லது பயோஸ் எழுதும் இடத்தைக் கெர்னல் தனதென்று எடுத்துக்கொள்ளலாம். முதலாவது வெறும் இழப்பு; இரண்டாவதில் கணினி உறைவதோடு கோப்புகளும் சிதையலாம்.

தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. கொல்லிமலையில் அப்படியொரு கணினி முரண்டுபிடித்தால், 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிப் பழுதுபார்ப்பவரைத் தேடும் முன் இந்த வரைபடத்தைச் சோதிக்கலாம். இணையம் தேவையில்லை.

முதலில் கெர்னல் பதிவைத் திறந்து, பயோஸ் தந்த வரைபட வரிகளைப் படிக்க வேண்டும். 'பயன்படுத்தத்தக்கது' எனக் குறித்த பகுதிகளைக் கூட்டி, பொருத்தியுள்ள ரேமோடு ஒப்பிட வேண்டும். உள்ளமைந்த கிராஃபிக்ஸ் சிறிது எடுத்துக்கொள்வது இயல்பு. 32 பிட் கெர்னலும் முழு ரேமைக் காணத் தவறலாம். இவற்றைப் பிழையென்று கொள்ளக் கூடாது. இரு பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் லினக்ஸ் 'ஒதுக்கப்பட்டது' என்பதையே ஏற்கும். அது சரியான முன்னெச்சரிக்கை.

தூங்கவைத்து எழுப்பும்போது மட்டும் கோளாறு வந்தால், அடிப்பகுதி நினைவகத்தைச் சந்தேகிக்க வேண்டும். முதல் 64 கேபிக்குள் கேட்காமல் எழுதும் பயோஸ்கள் உண்டு. 2021-இல் வந்த லினக்ஸ் 5.13 முதல் எக்ஸ்86 கணினிகளில் முதல் 1 எம்பி முழுவதும் ஒதுக்கப்படுகிறது. பழைய கெர்னலில் 'ரிசர்வ்லோ' என்ற தொடக்க அளபுருவால் 640 கேபி வரை ஒதுக்கலாம்.

வேறிடத்தில் பழுதென்றால் 'மெம்மேப்' அளபுரு உதவும்: அளவு, டாலர் குறி, தொடக்க முகவரி என எழுத வேண்டும். முதலில் கெர்னலை ஏற்றும் நிரலான கிரப்பின் பட்டியலில் இ விசையை அழுத்தி, தற்காலிகமாகவே சேர்க்க வேண்டும். தவறினாலும் அடுத்த தொடக்கத்தில் மறைந்துவிடும். டாலர் குறியைக் கிரப் விழுங்கிவிடும் என்பதால், முன்னால் ஒரு பின்சாய்கோடு வேண்டும். நிரந்தர அமைப்புக் கோப்பில் அது மூன்றாகும். பிறகு கிரப்பைப் புதுப்பிக்க வேண்டும்.

காணாமல்போன ரேமுக்கு முதல் மருந்து பயோஸ் புதுப்பிப்பு. அதே அளபுருவில் டாலருக்குப் பதில் அட் குறியிட்டு, இல்லாத ரேமை இருப்பதாகச் சொல்லவும் முடியும். உறுதியாகத் தெரியாத முகவரியில் அதைச் செய்யவே கூடாது. அங்கே ஒரு சாதனத்தின் பதிவேடுகள் இருக்கக்கூடும்.