ஆட்டமும் காப்பும்: ஐஸ் ஹாக்கி விதிகள் தரும் பாடம்

தலைக்காயத்திலிருந்தோ பெரிய அறுவைச் சிகிச்சையிலிருந்தோ மீண்டு வருவோர் பலர் மருத்துவரிடம் ஒரே வினாவைக் கேட்கின்றனர்: "இனி எதையெல்லாம் விட்டுவிட வேண்டும்?" இவ்வினாவினுள் ஓர் அச்சம் உறைந்திருக்கிறது. பாதுகாப்பாக வாழ்வதென்றால் சுவையின்றி வாழ்வதுதானோ என்பதே அவ்வச்சம். இதற்கு விடை தேடுவோருக்கு, நமக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத ஒரு விளையாட்டின் வரலாறு துணைபுரியும். வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி அமைப்பான தேசிய ஹாக்கி லீக், தன் விதிகளைப் பல பத்தாண்டுகளாகத் திருத்தி வந்துள்ளது. ஆட்டக்காரரைக் காப்பதும் வேண்டும், ஆட்டத்தின் விறுவிறுப்பும் குன்றக்கூடாது என்ற இரட்டை நோக்கமே அத்திருத்தங்களுக்கு அடிப்படை. அவற்றுள் சிலவற்றையும், அவை நோயாளிகளுக்கும் உடனிருப்போருக்கும் உணர்த்துவனவற்றையும் இக்கட்டுரையில் காண்போம்.

ஆட்டத்தின் இயல்பு

ஏறத்தாழ 61 மீட்டர் நீளமும் 26 மீட்டர் அகலமும் கொண்ட பனித்தளத்தில், அணிக்கு அறுவராக இவ்விளையாட்டு நடைபெறுகிறது. ஆட்டக்காரர்கள் எஃகுத் தகடு பொருத்திய காலணிகளில் சறுக்கி ஓடுகின்றனர். அவர்கள் மட்டையால் அடிக்கும் 'பக்' என்னும் கெட்டி ரப்பர் வட்டின் எடை சுமார் 170 கிராம். அது மணிக்கு 160 கிலோமீட்டரையும் கடந்த வேகத்தில் பாயக்கூடும். வட்டை வைத்திருப்பவரைத் தோளாலும் இடுப்பாலும் மோதித் தடுப்பதற்கு விதிகளே இடமளிக்கின்றன. கடினமான தரை, கூரிய தகடு, பறக்கும் வட்டு, சுற்றிலும் தடுப்புச் சுவர் என்ற இச்சூழலில் வேகமே அழகு, வேகமே ஆபத்து.

நாணத்தை நீக்கிய விதி

1959ஆம் ஆண்டு நவம்பர் 1 அன்று நியூயார்க்கில் நடந்த ஆட்டத்தில், மான்ட்ரியால் அணியின் இலக்குக் காப்பாளர் ஜாக் பிளான்ட் முகத்தில் வட்டு தாக்கியது. தையல் போட்டுக்கொண்ட அவர், முகமூடியின்றி மீண்டும் களமிறங்க மறுத்தார். பயிற்சியில் அவர் முகமூடி அணிந்து பழகியிருந்தார். ஆட்டத்தில் அணிவதைப் பயிற்றுநர் டோ பிளேக் விரும்பவில்லை. ஆனால் அக்காலத்தில் அணிகள் மாற்றுக் காப்பாளரை உடன் வைத்திருப்பதில்லை. வேறு வழியின்றி அவர் இசைந்தார். மான்ட்ரியால் அன்று வென்றது. அப்பருவத்தின் ஸ்டான்லி கோப்பையும் அவ்வணிக்கே கிடைத்தது. முகமூடியால் ஆட்டம் கெட்டுவிடவில்லை.

களத்தில் ஓடும் பிற ஆட்டக்காரர்களின் தலைக்குக் காப்பு வருவதற்கு மேலும் பல ஆண்டுகள் ஆயின. 1968 ஜனவரி 13 அன்று மினசோட்டா அணியின் பில் மாஸ்டர்டன் மோதலில் பின்புறமாக விழுந்து, தலை பனித்தளத்தில் மோத, இரு நாட்களில் உயிரிழந்தார். அவர் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. அன்று அணிந்தோர் மிகச் சிலரே. 'அஞ்சுகிறான்' என்று பிறர் எண்ணுவர் என்ற நாணமே பலரைத் தடுத்தது. தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கும் விதி 1979இல்தான் வந்தது. அதுவும் புதிதாக ஒப்பந்தம் செய்வோரை மட்டுமே கட்டுப்படுத்தியது. பழைய ஆட்டக்காரர்கள் விரும்பினால் வெறுந்தலையுடன் ஆடலாம். அவ்வாறு ஆடியவர்களுள் கடைசியானவரான கிரெய்க் மக்டேவிஷ் 1997இல் ஓய்வு பெற்றார்.

இவ்விதி நாணத்துக்கு இடமில்லாமற் செய்தது. எல்லாரும் அணியும்போது அணிபவர் கோழையாகத் தோன்றுவதில்லை. ஊன்றுகோலைப் பிடிக்கக் கூச்சப்படும் முதியவரும், இரத்தச் சர்க்கரைக் குறிப்பேட்டை மறைத்து வைக்கும் நோயாளியும் வீட்டில் தனித்து விடப்படுவதால்தான் கூசுகின்றனர். 'இரவில் எழும் எவரும் முதலில் விளக்கைப் போட வேண்டும்' என்று குடும்பம் முழுவதற்கும் பொதுவாக ஒரு விதி அமையுமானால், முதியவருக்கு அது தமக்கு மட்டும் நேர்ந்த குறையாகத் தோன்றாது.

விறுவிறுப்பும் அதன் விலையும்

2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் இவ்விளையாட்டு சுவை குன்றியதாகப் பலர் குறைகூறினர். திறமையாளர் முன்னேறும்போது எதிரணியினர் மட்டையால் கொக்கியிட்டும் கையால் பிடித்தும் அவரைத் தடுத்தனர். நடுவர்கள் பெரும்பாலும் கண்டும் காணாமல் விட்டனர். ஊதியத் தகராறால் 2004-05 பருவம் முழுவதும் ஆட்டமின்றிக் கழிந்த பின், லீக் புதிய விதிகளுடன் திரும்பியது. பிடித்தலும் கொக்கியிடுதலும் கண்டிப்புடன் தண்டிக்கப்பட்டன. தன் பகுதியிலிருந்து நடுக்கோட்டைத் தாண்டி நெடுந்தொலைவு வட்டை அனுப்பலாகாது என்ற பழைய தடை நீங்கியது. இலக்குக் காப்பாளரின் பருத்த கவசங்கள் சிறிதாக்கப்பட்டன. சமநிலையில் முடியும் ஆட்டங்களுக்குத் தனிநபர் இலக்கடிப்பு முறை வந்தது. ஆட்டமொன்றுக்குச் சராசரியாக 5 அளவில் இருந்த கோல்கள் அடுத்த பருவத்தில் 6ஐத் தாண்டின.

ஆயினும் தடையற்ற வேகம் தனக்குரிய விலையையும் கேட்டது. மோதல்கள் முன்பைவிடக் கடுமையாயின என்று பலரும் கருதினர். 2010 மார்ச் 7 அன்று பாஸ்டன் அணியின் மார்க் சவார்ட், தம் பார்வையில் படாத பக்கத்திலிருந்து வந்த ஒருவரின் தோள் தலையில் மோத, நினைவிழந்து வீழ்ந்தார். களத்தில் அதற்குத் தண்டனை ஏதும் வழங்கப்படவில்லை. அன்றைய விதிகள் அத்தகைய மோதலைத் தெளிவாகத் தடை செய்திருக்கவில்லை. பார்வைக்குப் புறம்பான பக்கத்திலிருந்து தலையைக் குறிவைத்து மோதுவதை 2010-11 பருவத்துக்கான புதிய விதி தடுத்தது. அடுத்த ஆண்டு அது விரிவாக்கப்பட்டு, எத்திசையிலிருந்து தலையைக் குறிவைத்தாலும் குற்றமென்றாயிற்று. சவார்ட் அதன்பின் சில ஆட்டங்களே ஆடினார். 2011 ஜனவரிக்குப் பின் அவரால் களம் காண இயலவில்லை.

காயமுற்ற மூளையே நீதிபதி ஆகலாமா?

'கன்கஷன்' எனப்படும் மூளை அதிர்வைப் பற்றி இங்கே சிறிது விளங்கிக்கொள்ள வேண்டும். மண்டையோட்டினுள் திரவத்தால் சூழப்பட்டுள்ள மூளை, திடீர் மோதலில் குலுங்கித் திருகப்படுகிறது. அதனால் நரம்பணுக்களின் இயக்கம் தற்காலிகமாகக் குலைகிறது. சி.டி. ஸ்கேனில் எக்குறையும் தென்படாமல் இருக்கலாம். நினைவிழப்பு நேர்ந்தே தீர வேண்டும் என்பதுமில்லை. தலைவலி, தலைச்சுற்றல், குழப்பம், மறதி, ஒளியையும் ஒலியையும் பொறுக்கவியலாமை, எரிச்சல் ஆகியவை இதன் அறிகுறிகள். முழுமையாக ஆறுமுன் மீண்டும் அடிபடுவது முதல் அடியைவிட ஆபத்தானது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. 'நான் நன்றாக இருக்கிறேனா?' என்று முடிவு செய்ய வேண்டிய உறுப்பே காயமுற்றிருக்கிறது. அணிக்காக ஆட வேண்டும் என்ற துடிப்பும் சேர்ந்துகொண்டால், ஆட்டக்காரர் 'ஒன்றுமில்லை' என்றே கூறுவார். 2011 மார்ச் மாதத்தில் லீக் தன் நடைமுறையை மாற்றியது. மூளை அதிர்வு ஐயத்துக்குரியவரை இருக்கை வரிசையிலேயே பார்த்து அனுப்பிவிடாமல், அமைதியான அறைக்கு அழைத்துச் சென்று மருத்துவர் சோதிக்க வேண்டும் என்றாயிற்று. பின்னாளில், ஆட்டத்தை உற்று நோக்கி, தடுமாறி எழுபவரை அடையாளங்கண்டு வெளியேற்றச் சொல்லும் கண்காணிப்பாளர்களும் அமர்த்தப்பட்டனர். ஆட்டக்காரரின் துணிவை யாரும் ஐயுறவில்லை. அவர் ஏற்க இயலாத ஒரு பொறுப்பைப் பிறர் ஏற்றுக்கொண்டனர். உடனிருப்போரின் பணியும் இதுவே.

புண்படுத்தும் பகுதியை மட்டும் நீக்குதல்

காப்பையும் சுவையையும் ஒருங்கே பேணிய திருத்தத்துக்கு 'ஐசிங்' விதி நல்ல சான்று. நெருக்கடியில் சிக்கிய அணி, தன் பாதியிலிருந்து எதிர்முனைக் கோட்டுக்கு அப்பால் வட்டை அடித்துவிட்டால் ஆட்டம் நிறுத்தப்படும். முன்பு, எதிரணியினர் ஓடிச்சென்று வட்டைத் தொட்ட பின்பே நடுவர் நிறுத்துவார். ஆகவே இரு அணியினர் முழு வேகத்தில் முனைச் சுவரை நோக்கிப் பாய்வர். 2008இல் அத்தகைய ஓட்டத்தில் மினசோட்டா அணியின் கர்ட்டிஸ் ஃபாஸ்டரின் தொடை எலும்பு முறிந்தது.

அக்காலத்தில் பன்னாட்டு ஆட்டங்களில் ஓட்டப்பந்தயமே இருக்கவில்லை. வட்டு கோட்டைக் கடந்ததும் ஊதல் ஒலித்தது. அது பாதுகாப்பானது, ஆனால் விரைந்தோடி வட்டைக் கைப்பற்றும் வாய்ப்பை அது பறிக்கிறது என்பது லீக்கின் தயக்கமாக இருந்தது. 2013-14 பருவத்தில் இடைவழி ஒன்று ஏற்கப்பட்டது. ஓட்டம் தொடரும், ஆனால் சுவருக்குச் சற்று முன்னரே, முந்துபவர் யார் என்று கோட்டு நடுவர் கணித்துவிடுவார். தடுப்பாளர் முந்தினால் அங்கேயே ஊதல். தாக்குபவர் முந்தினால் ஆட்டம் தொடரும். ஓட்டத்தின் பரபரப்பு நிலைத்தது. பயனற்ற மோதல் பெரிதும் குறைந்தது.

பார்வையாளர்களுக்கும் காப்பு வந்தது. 2002 மார்ச்சில் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில், அரங்கில் அமர்ந்திருந்த 13 வயதுச் சிறுமியின் தலையில் வட்டு பட்டது. அவள் எழுந்து நடந்தே சென்றாள். இரு நாட்களில் உயிரிழந்தாள். அடுத்த பருவம் முதல் இலக்குகளுக்குப் பின்னுள்ள இருக்கைகளின் முன் பாதுகாப்பு வலை கட்டாயமாயிற்று. வலை பார்வையை மறைக்கும் என்று முதலில் சிலர் முணுமுணுத்தனர். நாளடைவில் கண் பழகிவிட்டது.

இப்பணி இன்னும் முடியவில்லை. 2023 அக்டோபரில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் நடந்த ஆட்டத்தில், காலணித் தகடு கழுத்தில் பட்டு ஆடம் ஜான்சன் என்ற ஆட்டக்காரர் இறந்தார். அதன்பின் கழுத்துக் காப்பு பல அமைப்புகளில் கட்டாயமாகியுள்ளது. தேசிய ஹாக்கி லீக்கும் 2026-27 பருவம் முதல் புதிதாகச் சேர்வோருக்கு அதைக் கட்டாயமாக்க 2025இல் உடன்பட்டது. தலைக்கவசத்தைப் போலவே இதுவும் புதியவர்களிடமிருந்து தொடங்குகிறது.

உடனிருப்போர் செய்ய வேண்டியவை

தலையில் அடிபட்டவர் எழுந்து நடப்பதையோ, 'ஒன்றுமில்லை' என்று கூறுவதையோ மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். பின்வருவனவற்றுள் ஒன்று தோன்றினாலும் தாமதமின்றி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்:

• நினைவிழப்பு அல்லது வலிப்பு
• மீண்டும் மீண்டும் வாந்தி
• வரவரக் கூடும் தலைவலி
• எழுப்பவியலாத உறக்கம், குழப்பமான பேச்சு, ஆளை அடையாளம் தெரியாமை
• கை கால் தளர்வு, நாக் குழறல், பார்வைக் குறைவு
• இரு கண்மணிகளும் வெவ்வேறு அளவில் தோன்றுதல்
• மூக்கு அல்லது காது வழியே தெளிந்த நீரோ இரத்தமோ கசிதல்

முதியோரும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்வோரும் சிறிய அடிக்கும் மருத்துவரைக் காண வேண்டும். முதல் நாளில் அவர்களைத் தனியே விடலாகாது. அடிபட்டவரை உறங்கவே விடக்கூடாது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. மருத்துவர் சோதித்து வீட்டுக்கு அனுப்பியவர் உறங்கலாம். இடையிடையே எழுப்பிப் பார்க்க வேண்டுமா என்பதை மருத்துவரிடமே கேட்டறியுங்கள்.

மூளை அதிர்வுற்றவருக்கு முதல் ஓரிரு நாட்கள் ஓய்வு தேவை. அதன்பின் இருட்டறையில் முடங்கிக் கிடக்க வேண்டியதில்லை. சிறு நடை, சிறிது வாசிப்பு, வீட்டுப் பணி, பள்ளி அல்லது அலுவலகம் எனப் படிப்படியாக மீளலாம். ஒரு படியில் அறிகுறிகள் மிகுந்தால் முந்தைய படிக்குத் திரும்புங்கள். மீண்டும் அடிபடக்கூடிய விளையாட்டுகளுக்கும் வாகனம் ஓட்டுவதற்கும் மருத்துவரின் ஒப்புதல் வேண்டும்.

தொடக்கத்தில் கண்ட வினாவுக்கு இனி விடை கூறலாம். ஐஸ் ஹாக்கி தன் வேகத்தைக் கைவிடவில்லை. சுவரில் மோதும் கடைசிச் சில அடிகளைத்தான் கைவிட்டது. ஆதலின் மருத்துவரைக் காணும்போது, 'எதையெல்லாம் விட வேண்டும்?' என்பதோடு, 'இதை எவ்வாறு செய்தால் தொடரலாம்?' என்றும் கேளுங்கள். மாடிப்படி ஏறுவதோ, கோயிலுக்குச் செல்வதோ, பேரக்குழந்தையைத் தூக்குவதோ, நீங்கள் விரும்புவதைப் பெயர் சொல்லியே கேளுங்கள். பெரும்பாலானவற்றுக்கு ஒரு வழி இருக்கும்.